தயையும் வித்தையும்

உல்லாசக் கப்பலில் வந்திறங்கும் செல்வர்கள், ஏழை இளைஞர்கள் பயிலும் உணவகத்தில் ஒரு வேளை உண்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக எண்ணுவது ஆத்ம வஞ்சனை என்றும், வறுமையைக் காட்சிப் பொருளாக்கும் அத்தகைய கரைச் சுற்றுலாக்களை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றும் நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய தார்மிகக் கோபத்தை மதிக்கிறேன், தீர்ப்பை ஏற்பதற்கில்லை.

வியட்நாமின் ஹாலாங் துறையில் இறங்கி ஹானோய் நகருக்குச் செல்லும் பிரயாணி அங்கே 'கோட்டோ' உணவகத்தில் உண்பதாக வைத்துக்கொள்வோம். தெருவில் பொருள் விற்றுப் பிழைத்த பிள்ளைகளுக்காக ஜிம்மி ஃபாம் என்ற வியட்நாமிய ஆஸ்திரேலியர் 1999இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம், இரண்டாண்டுக் காலம் சமையலும் உபசரணையும் ஆங்கிலமும் கற்பித்து, அவர்களை உத்தியோகத்துக்குத் தகுதியாக்குகிறது. அங்கே விருந்தாளி காண்பது வறுமையை அன்று, வித்தையை. கொடுப்பது பிச்சையை அன்று, விலையை. நன்கொடையை மட்டும் அனுப்பினால் போதாதா எனில், உண்ண வருவோர் இல்லாத உணவகத்தில் பரிமாறப் பழகுவது நீரில்லாக் குளத்தில் நீச்சல் பயில்வதற்கு ஒப்பாகும்.

நண்பரின் கண்டனம் முற்றும் பொருந்தும் இடம் வேறு. கம்போடியாவின் அநாதை விடுதிக் குழந்தைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருப்பதாக யுனிசெஃப் எடுத்துக்காட்டியும், அவர்களைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் சென்றதே, அதுவே அதர்மம்.

ஆகையால், சீட்டு வாங்குமுன் பிரயாணி கேட்க வேண்டியவை மூன்று: பயில்வோர் வயதென்ன, கட்டணத்தில் அவர்களுக்குச் சேரும் பங்கென்ன, பயிற்சி முடிந்தபின் வேலை உண்டா? இவற்றுக்கு நேர்மையான விடை தரும் சுற்றுலாவை ஒழிக்கச் சொல்வது நியாயமாகாது.