ஏலத்தில் யாரும் எடுக்காத இரண்டு பொடியன்கள்



ஐ.பி.எல். ஏலம் முடிந்தால் போதும், எந்தப் பொடியன் பெரிய ஆளாக வருவான் என்று நம்மவர்கள் விலையை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

நமது கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த மத்தீஷ பத்திரனவை 2022 ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை. அடம் மில்ன் காயப்பட்டதால்தான் சென்னைக்கு மாற்று வீரராகப் போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்தும் அப்படித்தான், 2024இல் ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத்துக்கு.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். கடைசி ஓவர்களைத் தோனி நம்பிப் பத்திரனவிடம் கொடுத்தார். 2023இல் 19 விக்கெட், சென்னைக்குக் கிண்ணம். பின்னர் 13 கோடி இந்திய ரூபாய்க்குத் தக்கவைத்தார்கள். வியாஸ்காந்துக்குக் கிடைத்ததோ ஒரு சில போட்டிகள். அதை வைத்து இவர் கெட்டிக்காரர், அவர் சரிவரமாட்டார் என்பது நியாயமா? லெக் ஸ்பின் கைக்கு வர வருஷங்கள் எடுக்கும்.

15 வயதுக்குட்பட்ட அணியில் பேர் இல்லை என்றதும் மட்டையைப் பறித்து டியூஷனுக்கு அனுப்பும் வாப்பாமார் நம் ஊரிலும் இருக்கிறார்கள். குரல்கூட உடையாத பிள்ளைகள் அவர்கள். இன்னும் இரண்டு வருஷம் மைதானத்துக்கு விடுங்கள். டியூஷன் மஃரிபுக்குப் பிறகும் நடக்கிறதுதானே.