மூச்சு வாங்கும் பெட்டி

நம் ஆர்மோனியத்துக்கு அயல்நாட்டில் ஓர் உறவினன் உண்டு, நேயர்களே! பெயர், பாண்டோனியன். துருத்திக் காற்றில் துடிக்கும் உலோக நாக்குதான் இருவருக்கும் குரல். ஜெர்மனியில் பிறந்தவன், கப்பலேறி அர்ஜென்டினா போய், டாங்கோ இசைக்கே உயிராகிவிட்டான்.

இவனை இப்போது கம்ப்யூட்டருக்குள் குடியேற்றுகிறார்கள். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்துகொண்டால், பிறகு கீபோர்டில் விரல் வைத்தவரெல்லாம் வித்வான்! 'சாம்பிளிங்' என்று இதற்குப் பெயர்.

காரியம் அவ்வளவு சுலபமா? ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். டாங்கோக்காரர்களின் பாண்டோனியனிலோ, துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம் தரும் பொத்தான், மூடும்போது பெரும்பாலும் வேறு சுரம் தரும். பொத்தான்கள் 71, குரல்கள் 142! மெல்ல இழுத்தால் ஒரு குணம், வேகமாக அழுத்தினால் இன்னொரு குணம்.

பொறுமைசாலி ஒருவர் அத்தனையும் பதிவு செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் இழுக்கும். அசல் துருத்தியிலோ காற்றுத் தீர்ந்துவிடும். வித்வான் அதைத் திருப்பியாக வேண்டும். அந்தக் கணத்தில் பாட்டும் மூச்சு வாங்குகிறது. நம் நெஞ்சு நெகிழ்வதும் அங்கேதான். 1992-ல் காலமான அஸ்டர் பியாசோல்லாவின் இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள், புரியும்.

ஆகையால், பதிவு செய்யப் புறப்படும் இளைஞர்களே! பொத்தானின் 'டக்' சத்தத்தையும், காற்று வெளியேறும் பெருமூச்சையும் குப்பையென்று வெட்டி எறியாதீர்கள். வாசிக்கும்போதும், காற்று எங்கே தீரும் என்று கணக்குப் பார்த்து அங்கே நிறுத்துங்கள். மூச்சு வாங்காத பாட்டு எவ்வளவு இனித்தாலும், அது பெட்டியின் பாட்டுத்தான். மனிதனின் பாட்டு அல்ல.