பகோடா தெருவில் குடியிருந்தவர்கள்

சிங்கப்பூர் சைனாடவுனின் பகோடா தெருவுக்குப் பெயர் தந்தது ஒரு தமிழ்க் கோயிலின் கோபுரம். 1819இல் ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய மாரியம்மன் கோயில் அது. சற்றுத் தள்ளி, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல். சீனர் பேட்டையில் நமக்கு இவ்வளவு பழைய உறவு!

19ஆம் நூற்றாண்டில் இத்தெருவின் கடைவீடுகளில், கப்பலில் வந்திறங்கிய சீனக் கூலிகளை அடைத்து வைத்தார்கள். அபின் கூடங்களும் இருந்தன. பின்னாளில் கீழே தையற்கடை, மாடியில் பலகைத் தடுப்புகளுக்குள் குடும்பம் குடும்பமாகச் சனங்கள். 1983இல் தெருவோர வியாபாரிகள் புதிய வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 1989இல் சைனாடவுன் பாதுகாக்கப்படும் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது, கட்டடங்கள் பிழைத்தன. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் குடியிருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட, வண்ணம் பூசிய சுவர்களுக்குக் கீழே இன்று நினைவுப்பொருள் வியாபாரம்தான் நடக்கிறது. சுவரைக் காத்த அரசு, வாழ்ந்தவர்களில் சிலரையாவது அங்கேயே இருக்க விட்டிருக்க வேண்டும்.

மாரியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள், 2002இல் இத்தெருவில் திறக்கப்பட்ட மரபுடைமை நிலையத்துக்கும் போங்கள். அந்தப் பலகை அறைகளை அங்கே அப்படியே அமைத்துக் காட்டியிருக்கிறார்கள்.