ஆங்கில இலக்கியமும் மாட்டுக் கொட்டகையும்

போன மாசம் திண்டிவனத்தில் ஒரு கூட்டம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற நம்ம பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று பேசக் கூட்டினது. எங்கள் கிளியனூர் காலனியிலிருந்து நானும் என் அக்கா மகளும் போயிருந்தோம். அவள் பி.ஏ. ஆங்கில இலக்கியம், முதலாண்டு. மேடையில் இருந்த தோழர் நல்லவர், நம்மவர், பல போராட்டங்களில் சிறைக்குப் போனவர். ‘என்னம்மா படிக்கிற?’ என்று கேட்டார். சொன்னாள். ‘வெள்ளைக்காரன் ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி பாடி வெச்ச ராஜா கதையப் படிச்சு நீ இன்னாம்மா கிழிக்கப் போற? கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாமில்ல?’ என்றார். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சிரிக்கவில்லை. ‘மாமா, கிளாஸ்ல ஒவ்வொருத்தரா எழுந்து படிக்கச் சொல்றாங்க. என் பக்கம் வர்றதுக்குள்ள நான் எழுந்து வெளிய போயிடறேன் மாமா’ என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் முப்பது வருசத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. எல்லாக் கல்லூரியும் அந்தக் கல்லூரிதான். பெஞ்ச் பெஞ்சாக வாசிப்பு வரும். எனக்கு முந்தின பெஞ்சுக்கு வந்ததும் ‘சார், தண்ணி’ என்று எழுந்து போய்ப் புங்கமரத்தடியில் நின்றுகொள்வேன். ஒரு நாள் பாடம் நடத்தினவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: ‘உங்கப்பன் மாடு மேய்க்கிறவன். உனக்கு எதுக்குடா மில்டன்?’ அவர் பெயர் முக்கியமில்லை. அந்தக் கேள்வி ஒரு ஆள் கேட்ட கேள்வி இல்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்க நைனா படியாளாக இருந்து ஊர் மாடு மேய்த்தவர்தான். பொய் எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியவரப் பத்து வருசம் ஆயிற்று.

ஆங்கில இலக்கிய வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் கவிஞன் ஒரு மாட்டுக்காரன். பெயர் கேட்மன். ஏழாம் நூற்றாண்டு, இங்கிலாந்தின் வடக்கே விட்பி என்ற ஊரில் ஹில்டு என்ற பெண் தலைமை தாங்கிய மடம். அங்கே கால்நடை பார்த்தவன். 731இல் தன் வரலாற்று நூலை எழுதி முடித்த பீட் என்ற துறவிதான் இவன் கதையை எழுதி வைத்தவர். விருந்தில் யாழ் கைமாறிக்கொண்டே வரும், வாங்கினவன் பாடணும். யாழ் தன் பக்கம் நெருங்கும்போது கேட்மன் எழுந்து வெளியே போய்விடுவானாம். பாட்டு வராது என்ற வெட்கம். அப்படிப் போன ஒரு ராத்திரி மாட்டுக் கொட்டகையில் காவலுக்குப் படுத்திருந்தபோது கனவில் யாரோ வந்து பாடச் சொன்னார்கள், பாடினான் என்கிறார் பீட். அந்த ஒன்பது வரிப் பாட்டுதான் இன்றைக்கும் ஆங்கில இலக்கியத் தொகுப்புகளின் தொடக்கத்தில் நிற்கிறது.

எனக்கு நோட்ஸில் கொடுத்தது என்ன தெரியுமா? ‘கேட்மன்: முதல் கிறித்தவக் கவி.’ இரண்டு மதிப்பெண். மாடும் இல்லை, கொட்டகையும் இல்லை, எழுந்து வெளியே போன வெட்கமும் இல்லை. மாட்டுக்காரன் மகனைப் பார்த்து உனக்கு எதுக்குடா மில்டன் என்று கேட்டவர், அந்த இலக்கியமே மாட்டுக்காரனில் தொடங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

கேட்மனை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டாடவும் நான் சொல்லவில்லை. பாட்டு வந்தவுடனே அவனைத் துறவியாக்கினார்கள். படித்தவர்கள் வேதக் கதையைச் சொல்லுவார்கள். இவன் அதை அசைபோட்டுப் பாட்டாக்குவான். சுத்தமான மிருகம் அசைபோடுவதைப் போல என்று பீட்டே எழுதுகிறார். அவன் தன் மாட்டைப் பற்றி, தன் கூலியைப் பற்றிப் பாடியிருந்தால் யார் எழுதி வைத்திருப்பார்கள்? நந்தனை நெருப்பில் இறக்கித்தான் தில்லைக்குள் விட்டார்கள். கேட்மனுக்கு நெருப்பு இல்லை, அங்கி இருந்தது. உள்ளே விடுகிறவன் எப்போதும் ஏதோ ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறான்.

தோழர் சொன்ன ‘ராஜா கதை’க்கு வருகிறேன். பியோவுல்ஃப். 3182 அடி. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் உண்டு. 1731இல் ஒரு நூலகத் தீயில் ஓரம் கருகித் தப்பித்தது. ராஜா ஒரு பெரிய மண்டபம் கட்டுகிறான். உள்ளே விருந்து, யாழ், பாட்டு. வெளியே இருட்டில் கிரெண்டல் என்ற ஜந்து. அந்தப் பாட்டும் கும்மாளமும் தினமும் காதில் விழுவதையே அதனால் தாங்க முடியவில்லை என்கிறது காவியம். ஏன் அது வெளியே இருக்கிறது? தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம். பாட்டன் செய்த பாவத்துக்குப் பரம்பரைக்கே தண்டனை. நமக்குத் தெரியாத சட்டமா இது?

எங்க ஆயா சொல்லும்: ‘ஊர்ல பாரதம் வெச்சா நாங்க எட்ட புளியமரத்தாண்ட நின்னுதான் கேப்போம். மூஞ்சி தெரியாது, பாட்டுதான் கேக்கும்.’ இது ஆயா காலத்தோடு போன கதை இல்லை. நம் மாவட்டத்திலேயே, விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில், 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். வீரகாவியம் யாருக்கு உள்ளே, யாருக்கு வெளியே என்பது நமக்குப் பாடத்திட்டக் கேள்வி இல்லை, வாசற்படிக் கேள்வி. கிரெண்டல் மனுசனைத் தின்கிறவன். அவனை நம்ம ஆள் என்று நான் கட்டிக்கொள்ள வரவில்லை. மண்டபத்துக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அந்த வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பியோவுல்ஃப் சாவதற்குக் காரணமான கடைசிச் சண்டை எப்படி வந்தது? எஜமானின் அடிக்குப் பயந்து ஓடின ஒருத்தன், டிராகன் தூங்குகிற புதையல் குகைக்குள் நுழைந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் எஜமானிடம் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்கிறான். டிராகன் விழித்து ஊரை எரிக்கிறது. ராஜாவும் பதினோரு வீரர்களும் புறப்படுகிறார்கள். வழி காட்ட அந்தத் திருடினவனைப் பதின்மூன்றாவது ஆளாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதோடு அவன் கதை முடிந்தது. பெயர் கிடையாது. அவன் யார் என்று சொல்கிற சொல் இருக்கும் இடத்தில்தான் ஏடு சிதைந்திருக்கிறது. முதல் எழுத்துதான் தெளிவு. பலர் அதை ‘அடிமை’ என்று படிக்கிறார்கள். சிலர் ‘வீரன்’ என்று படித்துப் பார்த்திருக்கிறார்கள். அடித்து விரட்டப்பட்டு, கிண்ணம் கொடுத்து உயிர் பிழைத்தவனை வீரன் என்று படிக்க எவ்வளவு பிரயத்தனம் பாருங்கள்! புதையலுக்கு வழி தெரிந்தவன் அடிமை. பாட்டில் பெயர் வாங்கினவன் ராஜா.

இது இங்கிலாந்துச் சங்கதி மட்டுமா? க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில் சங்கப் பாடல்களையும் கிரேக்க, ஐரோப்பிய வீரப்பாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் வீரயுகத்தின் பாட்டும் பறையும் யார் கையில் இருந்தன? புறநானூற்று 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று குடிகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. தமிழ் வகுப்பில் அந்தப் பாட்டு வரும்போது எத்தனை வாத்தியார்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் முணுமுணுத்துவிட்டுத் தாண்டினார்கள் என்று உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆகவே ‘அந்நியன் இலக்கியத்தை விடு, தமிழுக்கு வா’ என்று கூப்பிடுகிற தமிழ்த் தேசிய நண்பர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அங்கேயும் நாங்கள் முணுமுணுப்பாகத்தான் இருந்தோம்.

சாசரை எடுங்கள். ‘இங்கிலாந்துக் கவிதையின் தந்தை, எல்லா வர்க்கத்தாரையும் ஒரே பயணத்தில் சேர்த்தவர்’ என்று எழுதினால் மார்க் விழும். கான்டர்பரி பயணத்தில் ஒரு உழவனும் வருகிறான். சாணி வண்டி எத்தனையோ ஓட்டினவன் என்று முன்னுரையில் வர்ணனை. ஆனால் அவனுக்குக் கதை இல்லை. சமையல்காரன் கதை பாதியில் நிற்கிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள், உழவன் வாயே திறக்காததைக் கேள்வியாகக் கேட்டு எந்தத் தேர்விலும் நான் பார்த்ததில்லை.

அவன் வாய் திறந்தது 1381இல். தலைவரி போட்டார்கள். கென்ட், எஸ்ஸெக்ஸ் பகுதிக் குடியானவர்கள் கிளம்பி வந்து லண்டனைப் பிடித்தார்கள். பண்ணைகளின் அடிமைக் கணக்கு ஏடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். எழுத்து தங்களை என்ன செய்தது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்திருந்தது! எஸ்ஸெக்ஸ்காரர்கள் உள்ளே வந்த ஆல்ட்கேட் வாயிலின் மேல்மாடியில்தான் அந்தச் சமயத்தில் சாசருக்குக் குடியிருப்பு. ஜூன் 15இல் வாட் டைலரைக் கொன்றார்கள். ஜூலையில் ஜான் பால் என்ற பாதிரியைத் தூக்கிலிட்டார்கள். அவர் அனுப்பிய கடிதத்தில் லாங்லண்டின் காவியத்து உழவன் பியர்ஸின் பெயர் வருகிறது. ஒரு காவியப் பாத்திரம் கலகக்காரர்களின் சங்கேதப் பெயரானது. சாசரின் நண்பர் கோவர், நிலம் வைத்திருந்தவர், லத்தீனில் ஒரு காவியம் எழுதினார். அதில் எழுந்து வந்த குடியானவர்கள் கழுதையாக, மாடாக, பன்றியாக, நாயாக மாறுகிறார்கள். நம்மைப் பற்றி எழுதின காவியங்களிலும் புராணங்களிலும் வருகிற அதே மிருகக் கூட்டம்தான்.

கடைசியாக அங்கதம். ஸ்விஃப்டின் கலிவர் பயணங்கள், 1726. நாலாம் பாகத்தில் பேசும் குதிரைகளின் நாடு. அழுக்கு மனித உருவங்கள் அங்கே யாஹூக்கள். ‘குதிரைகளின் சமூகம் பகுத்தறிவின் இலட்சிய சமூகம்’ என்று நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பிற்பாடு மூலத்தை வாசித்தபோது தூக்கிவாரிப்போட்டது. அந்த நாட்டில் சாதி இருக்கிறது! வெள்ளை, செம்பழுப்பு, இரும்புச் சாம்பல் நிறக் குதிரைகளுக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு. அவை என்றைக்கும் வேலைக்காரர்கள். தங்கள் இனத்துக்கு வெளியே ஜோடி சேர நினைப்பதே இயற்கைக்கு விரோதம். யாஹூக்களை அடியோடு அழித்துவிடலாமா என்று குதிரைகள் சபை கூடி விவாதிக்கின்றன. கலிவர் தப்பிப் போகக் கட்டின படகுக்குப் போர்த்தியது யாஹூ தோல். ஸ்விஃப்ட் இதையெல்லாம் கிண்டல் பண்ணுகிறானா, ஒப்புக்கொள்கிறானா என்று விமர்சகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் பேச நமக்கு இல்லாத தகுதி எவனுக்கு இருக்கிறது?

அதே ஸ்விஃப்ட் 1729இல் அயர்லாந்துப் பஞ்சைகளின் குழந்தைகளை விற்றுச் சமைக்கலாம் என்று நிதானமாகக் கணக்குப் போட்டு ஒரு திட்டம் எழுதினான். அது அங்கதம். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். 1978இல் விழுப்புரத்தில் 12 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் நிதானம் கெடாமல் கணக்கெழுதின குரல்களை நாம் கேட்டிருக்கிறோம். அது அங்கதம் இல்லை, கோப்பு. ஸ்விஃப்டின் குரலைப் புரிந்துகொள்ள எங்கள் பிள்ளைகளுக்கு நோட்ஸ் தேவையில்லை.

இப்போது தோழருக்கு. ஆங்கில இலக்கியம் நம் தலையில் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியும். 1835இல் மெக்காலே எழுதின குறிப்பு தெரியும். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப் படிப்பானது 1890களில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஆளப்படுகிறவர்களைப் பழக்க அதைப் பாடமாக்கினார்கள் என்று கௌரி விசுவநாதன் 1989இல் நூலாகவே எழுதினார். அந்தப் பாடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தது யார்? நாம் இல்லை. அவர்கள் சாசரையும் படித்து ஜட்ஜும் ஆனார்கள், பேராசிரியரும் ஆனார்கள். நம் முறை வரும்போது மட்டும் ‘அது காலனியப் படிப்பு, வேலைக்கு ஆகாது’ என்கிறார்கள். அதை நாமும் திருப்பிச் சொல்ல வேண்டுமா?

சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் படியுங்கள் என்று நம்மை அழைத்தார். 2010இல் உத்தரப்பிரதேசத்து பாங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் முயற்சியில் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மொழியைக் கும்பிட்டால் போதாது, ஏணியாக வைத்து ஏறினாலும் போதாது. அதன் கதைகளைப் பிரித்து, கொட்டகை எங்கே, அடிமை எங்கே, உழவன் எங்கே என்று கேட்கணும். கேட்கிற தகுதி நமக்குக் கூலி வேலையில் வந்தது. அதை நோட்ஸில் தொலைக்கக் கூடாது.

எழுத்தாளர்களே, மாணவர்களே, ஒரு வேலை செய்வோம். இந்தப் பாடங்களுக்கு நம் பக்கத்திலிருந்து, தமிழில், நாமே குறிப்புகள் எழுதுவோம். கிளியனூரில் தொடங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலனிச் சமுதாயக் கூடத்தில் எட்டுப் பிள்ளைகள். மல்லாட்டை பிடுங்கிற நாளில் ஐந்தாகக் குறையும். கேட்மன் கதையைச் சொன்னேன். அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவனும் எழுந்து போனானா மாமா?’ என்று கேட்டாள். சாசர் கொடுக்காத உழவன் கதையை இப்போது அவர்களே எழுதுகிறார்கள்.

தோழர், அடுத்த கூட்டத்துக்கு அவளை மேடையில் கூப்பிடுங்கள். என்ன கிழிக்கப் போகிறாள் என்று அவளே எழுந்து படிப்பாள்.