துப்பாக்கிக்கு நம்பர் இருக்கு, தோட்டாவுக்கு ஏன் இல்லை?

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குப் பேரூர்க்கடை தெரிந்திருக்கும். கேரள போலீஸின் எஸ்.ஏ.பி. முகாம் அங்கேதான் இருக்கிறது. 2020 பிப்ரவரி 12 அன்று சட்டசபையில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, எஸ்.ஏ.பி. கணக்கில் 25 இன்சாஸ் துப்பாக்கிகளும் 12,061 தோட்டாக்களும் குறைகின்றன என்றது.

அப்புறம் என்ன ஆச்சு?

துப்பாக்கிக்கு அடுத்த வாரமே கணக்கு கிடைத்தது. 660-ல் 647-ஐ குற்றப்பிரிவு நேரில் சரிபார்த்தது. மீதி 13 மணிப்பூரில் இருப்பதாகச் சொன்னது. ஒவ்வொன்றிலும் நம்பர் இருந்ததால் இது முடிந்தது. தோட்டாக்களை அப்படித் தேட வழியில்லை. காணாமல் போன 250 தோட்டாக்களுக்குப் பதிலாகப் போலிகளை வைத்திருந்ததையும் சி.ஏ.ஜி. கண்டுபிடித்தது.

தோட்டாவில் எதுவுமே இருக்காதா?

இருக்கும். அடிப்பாகத்தில் பொதுவாகத் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும். அதே மாதம் கொல்லம் மாவட்டம் குளத்துப்புழையில் கிடைத்த தோட்டாக்களில் 'பி.ஓ.எஃப்' என்றிருந்தது, பாகிஸ்தான் தயாரிப்பு என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் யார் கை மாறி வந்தது என்பதை அந்தக் குறி சொல்லாது.

நம்பர் போட்டால் செலவு எவ்வளவு?

ஒரு பேச்சுக்கு, தோட்டாவுக்கு 1 ரூபாய் கூடுது என்று வைப்போம். 12,061 தோட்டாவுக்கு 12,061 ரூபாய்தான். பொறிப்பதைவிட, கணக்கு வைப்பதுதான் பெரிய வேலை. பயிற்சிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தோட்டாவையும், திரும்பி வரும் ஒவ்வொரு காலிக் கூட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

நடுவழி உண்டா?

பிரேசிலில் உண்டு. 2003 சட்டப்படி போலீஸ் தோட்டாக்களில் லாட் எண் கட்டாயம். பின்னர் வந்த விதி ஒரு லாட்டுக்கு 10,000 என வரம்பு வைத்தது. 2018-ல் கவுன்சிலர் மரியேல் ஃபிராங்கோ கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த கூடுகள், 2006-ல் ஃபெடரல் போலீஸுக்கு விற்ற லாட் என்று தெரிந்தது. ஆனால் அந்த லாட்டில் வரம்பை மீறி லட்சக்கணக்கான தோட்டாக்கள். தடயம் அங்கேயே மங்கிப்போனது.

சரி, நமக்கு?

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி நம்பர் தேவையில்லை. லாட் சின்னதாக இருந்து, ஒரு லாட் ஒரே படைப்பிரிவுக்குப் போனால், தேடும் வட்டம் வெகுவாகக் குறையும். சுட்டவர் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு போனால் இதுவும் உதவாதுதான். பதிவேடு நேர்மையாக இல்லாவிட்டாலும் அப்படியே. எஸ்.ஏ.பி.யின் பதிவேடுகளில் சி.ஏ.ஜி. பார்த்தது அடித்தலும் திருத்தலும்தான். அதைச் சரிசெய்ய லேசர் மெஷின் வேண்டியதில்லை.