தட்டுக்குச் சண்டை, கடைக்கு யார்?

லண்டனின் பிம்லிகோ பகுதியில், கறுப்பு ஓடு பதித்த முகப்போடு தெருமுனையில் ஒரு கடை நிற்கிறது. பெயர் ரீஜன்சி கஃபே, 1946இல் திறந்தது. உள்ளே நுழைந்தவர் நேரே மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட முடியாது. கல்லா முன் வரிசையில் நின்று, வேண்டியதைச் சொல்லி, பணத்தைக் கட்டிவிட்டுத்தான் இடம் தேட வேண்டும். சற்று நேரத்தில் கடையே அதிரும்படி ஒரு குரல் எழும்பும். முட்டை, பேக்கன், சாசேஜ், பீன்ஸ் என்று ஒவ்வொன்றாக அடுக்கும். யாருடைய தட்டோ அவர் எழுந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் அலுவலகத்துக்காரர், சாரம் கட்டும் தொழிலாளி, கேமராவோடு வந்த சுற்றுலாப் பயணி என்று யாராக இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஒரே மாதிரிதான் எழுந்து ஓடுகிறார்கள்.

அந்தத் தட்டுக்கு ‘ஃபுல் இங்கிலீஷ்’ என்று பெயர். பொரித்த முட்டை, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சிச் சீவலான பேக்கன், சாசேஜ், தக்காளிச் சாறில் வெந்த பீன்ஸ், வாட்டிய தக்காளி, காளான், டோஸ்ட் ஆகியவை வழக்கமான உருப்படிகள். பல கடைகளில் பன்றி ரத்தத்தையும் ஓட்ஸையும் சேர்த்துச் செய்த பிளாக் புட்டிங்கும் உண்டு. ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்த தமிழருக்கு அது அவ்வளவு அந்நியமாகப் படாது. கூடவே குவளை நிறைய ஸ்ட்ராங் டீ. காலையில் இதை முழுதாக முடித்தவருக்கு மதியச் சாப்பாட்டின் நினைப்பு மாலை நான்கு மணிக்குத்தான் வரும்.

இதில் எது இருக்கலாம், எது கூடாது என்று பிரிட்டனில் ஓயாத சண்டை. பீன்ஸ் முட்டையைத் தொடலாமா, தனிக் கிண்ணத்தில் வர வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்திருக்கிறார்கள். இந்தக் காலை உணவைக் காப்பதற்கென்றே ‘இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் சொசைட்டி’ என்று ஓர் அமைப்பு உண்டு. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ஹாஷ் பிரவுனைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டு, மீந்துபோன உருளைக்கிழங்கையும் கோஸையும் பிசைந்து வாட்டும் ‘பபிள் அண்ட் ஸ்கீக்’கை ஏற்ற வேண்டும் என்று 2023இல் அது குரல் கொடுத்தது. ஹாஷ் பிரவுன் அமெரிக்கச் சரக்கு என்பதுதான் அதன் மீதான குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தை எல்லாவற்றுக்கும் போட்டால் தட்டில் என்ன மிஞ்சும்?

வந்தேறிகள் நிறைந்த தட்டு

இசபெல்லா பீட்டன் எழுதிய இல்லப் பராமரிப்பு நூல் 1861இல் புத்தகமாக வந்தது. விக்டோரியா காலத்து நடுத்தர வீடுகளுக்கு அது கிட்டத்தட்ட வேதம். காலை உணவுக்கு அதில் உள்ள பட்டியல் நீளமானது: கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் மீன், ஆட்டு சாப்ஸ், ஆட்டுக் குண்டிக்காய், சாசேஜ், பேக்கன், முட்டை, மஃபின், மார்மலேட். அதில் பேக்ட் பீன்ஸ் கிடையாது. அந்தக் காலத்துப் பெரிய வீட்டு மேசைகளில் ‘கெட்ஜரி’ என்ற பண்டமும் இருந்தது. சோறு, புகையூட்டிய மீன், அவித்த முட்டை, கறிமசாலா சேர்ந்த அது, இந்தியாவிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர்கள் கையோடு கொண்டுபோன கிச்சடியின் பேரப்பிள்ளை. இன்றைய தெருமுனைக் கடையில் கெட்ஜரியும் இல்லை, குண்டிக்காயும் இல்லை. அவை போனதற்காக யாரும் சங்கம் வைத்து அழவுமில்லை.

பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹைன்ஸ் நிறுவனத்தின் சரக்கு 1886இல் லண்டன் ஃபோர்ட்னம் அண்ட் மேசனில், சீமான்கள் வாங்கும் கடையில், அயல்நாட்டு அபூர்வமாகத்தான் முதலில் விலைபோனது. 1959இல் விகன் நகருக்கு அருகே கிட் கிரீனில் பிரம்மாண்டமான ஆலை திறந்தபோது அதே பீன்ஸ் ஏழை வீட்டு அலமாரிச் சரக்காகியிருந்தது. ஹாஷ் பிரவுன் வந்த அதே திசையிலிருந்து, சில தலைமுறை முந்தி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேக்கனின் கதையும் அப்படித்தான். உயிருள்ள பன்றிகளை வாங்க மாட்டோம் என்று ஜெர்மனி கதவைச் சாத்தியதும், டென்மார்க் விவசாயிகள் இறைச்சியாக்கி பிரிட்டனுக்கு அனுப்புவதில் இறங்கினார்கள். 1887இல் ஹோர்சென்ஸ் நகரில் அவர்கள் கூட்டுறவாக ஓர் ஆலையைத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றி ஊருக்கு ஊர் ஆலைகள் முளைத்தன. பல தலைமுறை ஆங்கிலேயர் தின்ற ‘சொந்த’ பேக்கனில் பெரும்பங்கு வடகடல் கடந்து வந்தது.

தேநீர்? ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867இல். பீட்டன் அம்மையாரின் புத்தகம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து. தாமஸ் லிப்டன் 1890இல் அங்கே தோட்டங்கள் வாங்கி, நேரடியாகக் கொண்டுவந்து மலிவாக விற்றார். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து போன கூலிக் குடும்பங்கள். சீனத் தேயிலை பின்வாங்கி, அஸ்ஸாம், சிலோன் தேயிலை முன்னுக்கு வந்த பிறகுதான், பால் ஊற்றினாலும் நிறம் குலையாத அந்தச் செங்கல் நிற டீ பிரிட்டனின் அடையாளமானது.

பரம்பரை என்ற பேச்சுக்கு இன்னொரு இடறலும் உண்டு. 1940 ஜனவரி 8 அன்று பிரிட்டனில் பேக்கன், வெண்ணெய், சர்க்கரை மூன்றும் ரேஷனுக்குள் போயின. பின்னர் முட்டையும் கட்டுப்பாட்டுக்குள் வந்து, தூளாக்கிய முட்டை டப்பாவில் கிடைத்தது. இறைச்சிக்கும் பேக்கனுக்கும் கட்டு முழுதாக அவிழ்ந்தது 1954 ஜூலையில். பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தட்டு சாமானியர் கைக்கு ஒழுங்காக எட்டவில்லை. தொழிலாளியும் காசு கொடுத்து வயிறு நிறையத் தின்னும் உணவாக அது தெருமுனைதோறும் பரவியது அதற்குப் பிறகுதான்.

அடுப்படியில் நின்றவர்கள்

அப்படிப் பரப்பியவர்கள் யார் என்பதில்தான் கதை சுவாரசியமாகிறது. இத்தாலியின் வடக்கே பார்தி என்ற மலைக் கிராமத்திலிருந்து வறுமை துரத்தப் புறப்பட்டவர்கள், தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கஃபே வைத்தார்கள். முன்னோடிக் குடும்பம் ஒன்றின் பெயரால் அங்கே இத்தாலியர் கடை என்றாலே ‘பிராக்கி’ என்றானது. லண்டனிலும் கிளாஸ்கோவிலும் இதே கதை. பிறகு சைப்ரஸ்காரர்களும் துருக்கியர்களும் வந்து சேர்ந்தார்கள்.

1940 ஜூன் 10 அன்று முசோலினி போர் அறிவித்ததும் அந்தக் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. முந்தின நாள்வரை டீ ஊற்றிக் கொடுத்தவர்களைப் போலீஸ் எதிரிகள் என்று பிடித்துப் போனது. அவர்களில் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலை ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்தது. மாண்ட 800க்கும் மேற்பட்டவர்களில் 400க்கும் அதிகமானோர் இத்தாலியர்கள். பார்தியிலிருந்து வேல்ஸ் போய்க் கடை வைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். போர் முடிந்ததும் எஞ்சிய குடும்பங்கள் மறுபடி அதே தெருக்களில் அடுப்பைப் பற்றவைத்தன.

கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் உள்ள ‘இ. பெல்லிச்சி’ 1900இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பெயரில் உள்ள ‘இ’ கடையை நடத்திய எலிதே அம்மாவைக் குறிக்கிறது. முகப்பில் வெளிர்மஞ்சள் கண்ணாடிப் பலகை. உள்ளே 1946இல் அகில்லே கபோச்சி என்ற தச்சர் இழைத்த மரச்சித்திரச் சுவர். 2005இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக, இரண்டாம் தரத்தில் சேர்த்தது. இடம் குறுகல் என்பதால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் முழங்கை உரச உட்கார வேண்டும். பேச்சு கொடுக்காமல் அங்கிருந்து எழுந்து வருவது கடினம்.

இந்தக் கடைகளின் பெரிய குணம் வளைந்து கொடுப்பது. சுவரில் செட் ஒன்று, செட் இரண்டு என்று பட்டியல் இருக்கும். தக்காளி வேண்டாம், இன்னொரு முட்டை வை என்று சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றுவார்கள். பன்றி தின்னாதவர்களுக்குக் கிழக்கு லண்டனில் மாட்டிறைச்சி சாசேஜ், வான்கோழி பேக்கனோடு ஹலால் தட்டு கிடைக்கிறது. சைவர்களுக்குக் காளான், தக்காளி, பீன்ஸ், பபிள், சைவ சாசேஜ் என்று தனி செட்டே உண்டு. ஊருக்கு ஊர் தட்டும் வேறு. ஸ்காட்லாந்தில் சதுர சாசேஜும் உருளைக்கிழங்கு ரொட்டியும். வட அயர்லாந்தில் சோடா ரொட்டி. வேல்ஸ் கடற்கரையில் கடற்பாசி விழுதும் மட்டிச் சதையும். லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தனை வகையையும் ஒரே பட்டியலில் அடைத்துச் சட்டம் போடுவது ஆகிற காரியமில்லை.

காவல் நிற்க வேண்டிய இடம்

ஹாஷ் பிரவுனுக்கு எதிராகக் கொடி பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தட்டு எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நட்சத்திர விடுதியில் இரண்டு மூன்று மடங்கு விலையில், பீன்ஸைச் சின்னச் செப்புக் கிண்ணத்தில் வைத்து, ‘பிரஞ்ச்’ என்ற பெயரில் அது ஜோராக வாழ்கிறது. பெரிய மதுக்கூடச் சங்கிலிகள் சிறு கடைக்காரர் தொட முடியாத விலைக்கு அதைத் தருகின்றன. நசுங்குவது நடுவில் இருக்கும் குடும்பக் கடை. சோஹோவின் டென்மன் தெருவில் 1951 முதல் இருந்த நியூ பிக்கடிலி கஃபே, மஞ்சள் ஃபார்மிகா மேசைகளுக்குப் பேர்போனது, 2007இல் மூடியது. பெல்லிச்சிக்குக் கிடைத்த பாதுகாப்பும் மரச்சுவருக்குத்தான். வாடகையையோ கேஸ் பில்லையோ அது கட்டாது.

விலைவாசி எப்படி அடித்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் உணவுப் பணவீக்கம் 2023 மார்ச்சில் 19 சதவீதத்தைத் தொட்டது. காலைத் தட்டின் பொருள்களை வைத்தே விலையேற்றத்தை அளக்கலாம் என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஒரு ‘பிரேக்ஃபாஸ்ட் குறியீடு’ போட்டது. வரி விஷயம் அதைவிடக் கசப்பு. பேரங்காடியில் வாங்கும் முட்டை, பேக்கன், ரொட்டிக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். அதையே சமைத்து மேசையில் வைத்தால் 20 சதவீதம். ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டிய கடை, 10 பவுண்டுக்குத் தட்டு விற்றால் 1 பவுண்டு 67 பென்ஸை அரசுக்குத் தர வேண்டும். மீதியில்தான் வாடகை, கூலி, எண்ணெய், மின்சாரம் எல்லாம்.

இது மாற்ற முடியாத விதியுமல்ல. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், பிரிட்டன் அரசு உணவகங்களுக்கான வரியை 5 சதவீதமாகக் குறைத்தது; பிறகு 12.5 ஆக்கி, 2022 ஏப்ரலில் பழையபடி 20க்குக் கொண்டுபோனது. சிறு கடைகளுக்கு மட்டுமாவது ஒரு நிரந்தர இடைநிலை விகிதம் வைத்தால், ஹாஷ் பிரவுனை விரட்டுவதைவிட அது காலைத் தட்டுக்குச் செய்யும் நல்ல உபகாரம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, தட்டிக்கழிக்கக் கூடாதது. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. அன்றாடம் 90 கிராமுக்கு மேல் சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் தின்பவர்கள் அதை 70 கிராமுக்குக் குறைக்க வேண்டும் என்பது பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் அறிவுரை. இரண்டு சாசேஜும் இரண்டு பேக்கனும் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆக இது தினசரிச் சாப்பாடு அல்ல. சனிக்கிழமைச் சாப்பாடு. முட்டைக்கும் காளானுக்கும் பபிளுக்கும் மாறிக்கொள்ள வளைந்து கொடுக்கும் கடை இருக்கும்போது, நோய்க்குப் பயந்து கடையையே ஒதுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்களில் பலர், ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ தோசை தேடித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தோசை எங்கும் போய்விடாது. ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கெரியும் கஃபேக்குள் நுழைந்து பார்க்கலாம். மேசையில் பழுப்பு நிற சாஸ் புட்டி ஒன்று நிற்கும். நாட்டிங்ஹாம் மளிகைக்காரர் ஃபிரடெரிக் கார்டன் 1895இல் பெயர் பதிந்த ‘எச்.பி.’ சாஸ் அது. முன்பக்கச் சீட்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் படம். பர்மிங்ஹாமில் இருந்த ஆலை 2007இல் மூடப்பட்டு, இப்போது நெதர்லாந்தில் தயாராகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டால் நகர்த்திக் கொடுப்பதற்கு முன், புட்டியைத் திருப்பிப் பின்பக்கச் சேர்மானப் பட்டியலின் கடைசி வரியைப் படிக்கலாம். அங்கே புளி இருக்கிறது.