சாரமா, கைலியா?

பக்கவாதத்தில் என் மைத்துனருக்குப் பேச்சு போயிற்று. புத்தி போகவில்லை, சொல்தான் வரவில்லை. அஃபேசியா என்கிறார்கள். நகரத்தில் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். பட அட்டையைக் காட்டி, "இது என்ன?" என்றார்கள். மனுஷன் முக்கி முனகி "சாரம்" என்றார். தாளில் 'கைலி' என்று இருந்ததாம். தப்புப் போட்டுவிட்டார்கள்! குத்துக்கல்வலசையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அது சாரம்தான். புதுச்சேரிக்காரன் நானே வந்த வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அந்த ஊர்க் கதையும் தெரியும். 1861ல் பாரிஸில் டாக்டர் புரோக்கா பார்த்த நோயாளிக்கு "தான்" என்ற ஓசை மட்டுமே வரும். ஆனால் கோபம் வந்தால் வசவு வந்துவிடும். தேடிப் பிடிக்கும் சொல் போனாலும் வாய்ப் பழக்கம் ஒளிந்திருக்கும்.

பாட்டும் அப்படித்தான். 1973ல் பாஸ்டன்காரர்கள் இதை வைத்தே ஒரு முறை வகுத்தார்கள். "தண்ணி வேணும்" என்பதை ராகமாக இழுத்து, இடது கையால் தட்டித் தட்டிச் சொல்லவைத்து, பிறகு ராகத்தைக் குறைப்பது. பழகிய வாக்கியத்துக்கு உதவும். புதுப் பேச்சு தானாக வந்துவிடாது. மந்திரமில்லை.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் அவர் வீட்டுச் சொல் இருக்கட்டும் என்கிறேன். அதைவிட முக்கியம், வீட்டாரைப் பழக்குவது. டிவியை அணைத்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டு, அவர் முடிக்கும்வரை நாம் வாயை மூடியிருக்க வேண்டும். எங்களையோ வெளி பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வாரத்துக்கு அரைமணி அட்டை. மீதி நேரமெல்லாம் அவர் யாரோடு இருக்கிறார்?

நேற்று என் மனைவி கேட்டாள்: "அண்ணே, சாரமா, வேட்டியா?" கொஞ்சம் காத்திருந்தோம்.

"சாரம்" என்றார்.